தீவு நரியும் நான் தவறாக நடத்திய பாடமும்



போன கோடையில் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தபோது எடுத்த ஒரு படத்தை இங்கே போட்டிருந்தேன். "டீச்சர், அது பூனையா, நரியா?" என்று பாதிப் பேர் கேட்டிருந்தீர்கள். எங்கள் சித்தி போனில் கூப்பிட்டு, "நரி முகத்தில் முழித்துவிட்டாய், இனி யோகம்தான் போ" என்று சிரித்தார்கள். அது நரிதான் பிள்ளைகளே. வளர்ந்த நரி, குட்டி அல்ல. அதைப் பற்றி நாலு வரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரியில் அடங்கவில்லை. கடைசியில் அது என் பழைய வகுப்பறையில் வந்து நின்றது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

லாஸ் ஏஞ்சல்ஸ், சான்டா பார்பரா நகரங்களுக்கு எதிரே பசிபிக் கடலில் எட்டுத் தீவுகள் இருக்கின்றன. சேனல் தீவுகள் என்று பெயர். அவற்றில் பெரியது சான்டா குரூஸ், சுமார் 250 சதுர கிலோமீட்டர். வெஞ்சுரா துறைமுகத்திலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்குமேல் போனால் அங்கே இறங்கலாம். இறங்கியதும் வனத்துறைப் பெண் ஒருவர் எங்களைக் கூட்டி வைத்து முதலில் சொன்னது, "சாப்பாட்டுப் பையைத் தரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இங்கே அண்டங்காக்கைக்கு ஜிப்பைத் திறக்கத் தெரியும். பின்னாலேயே நரி வரும்" என்பதுதான். என் பேரன் என்னைப் பார்த்தான். காக்கா, வடை, நரி கதையை அவனுக்கு ஆயிரம் தடவை சொன்னவள் நான். அந்தத் தீவில் இரண்டும் கூட்டாளிகள்!

அந்த நரி எடையில் ஒன்றிலிருந்து இரண்டரை கிலோவுக்குள்தான். வீட்டுப் பூனையைவிடச் சிறியது. முதுகு சாம்பல் நிறம், காதோரமும் கால்களும் செம்பழுப்பு. பகலிலேயே உலாவுகிறது, மனிதரைக் கண்டால் ஓடுவதில்லை. உலகத்தில் வேறெங்கும் இது இல்லை. எட்டில் ஆறு தீவுகளில் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு தனிக் கிளையினம் என்று அறிவியலாளர்கள் பிரித்திருக்கிறார்கள்.

கரையில் வாழும் சாம்பல் நரிதான் இதற்கு மூதாதை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எப்படியோ தீவுக்கு வந்து சேர்ந்தது. இடம் சிறியது, இரை குறைவு, துரத்தும் பெரிய மிருகம் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் பெரிய உடம்புக்குச் செலவு அதிகம், லாபம் குறைவு. தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துவிட்டது. தெற்குத் தீவுகளுக்கு இதைப் படகில் கொண்டுபோனவர்கள் அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. வடக்குத் தீவுகளில் வாழ்ந்தவர்கள் சூமாஷ் மக்கள். சான்டா ரோசா தீவில் 1959-இல் கிடைத்த மனித எலும்புகளின் வயது சுமார் 13,000 ஆண்டுகள். முறையாகப் புதைக்கப்பட்ட நரிகளின் எலும்புகளும் இந்தத் தீவுகளில் கிடைத்திருக்கின்றன. நரி அவர்களுக்கு வெறும் காட்டு மிருகமாக இருக்கவில்லை.

1542-இல் ஸ்பெயின் நாட்டுக் கொடியோடு கப்ரீயோ என்ற மாலுமி வந்தார். அதற்குப் பிறகு நடந்தது, நாம் எல்லா நாட்டு வரலாற்றிலும் படித்ததுதான். நோயும் மிஷன் குடியிருப்புகளும் சேர்ந்து, 1820-களுக்குள் தீவுகளில் சூமாஷ் மக்கள் இல்லாமல் போனார்கள். காலியான நிலத்தில் பண்ணையாளர்கள் வந்தார்கள். 1850-களில் ஆடு, மாடு, பன்றி எல்லாம் சான்டா குரூஸில் இறங்கின. ஆடுகள் மேய்ந்து மேய்ந்து மலைச்சரிவுகளை மொட்டையாக்கின. பன்றிகள் பண்ணையிலிருந்து தப்பிக் காட்டுப் பன்றியாகப் பெருகின. இவ்வளவுக்கும் நடுவில் அந்தக் குட்டி நரி தாக்குப்பிடித்தது. புதர் குறைந்தது, ஒளிய இடம் குறைந்தது, ஆனால் அதைத் தின்ன யாரும் இல்லை. அதனால் பிழைத்தது.

இனி நம் ஊருக்கு ஒரு நிமிடம் வருவோம்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது காக்கிச் சட்டை போட்ட மலேரியாக்காரர் எங்கள் தெருவுக்கு வருவார். கையில் பம்பு. பாத்திரம், துணிமணி, அரிசிப்பானை எல்லாவற்றையும் அம்மா திண்ணைக்குக் கொண்டுவந்து வைப்பார். சுவரில் வெள்ளையாக மருந்தடித்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் தேதி எழுதிவிட்டுப் போவார். நாங்கள் அந்த வாசனையை மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அனுபவிப்போம். டிடிடி மருந்து. அது பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அது தப்பாகக் கொடுத்த பரிசு என்று நான் சொல்ல மாட்டேன். மலேரியாவில் செத்துப்போகவிருந்த லட்சக்கணக்கானவர்களை அந்த மருந்து காப்பாற்றியது. அவர்களில் நானும் ஒருத்தியாக இருக்கலாம்.

அதே மருந்தை அமெரிக்காவில் பெருமளவில் தயாரித்த ஆலைகளில் ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த மாண்ட்ரோஸ் கெமிக்கல். 1947 முதல் 1970-களின் தொடக்கம் வரை அந்த ஆலையின் கழிவு, நகரத்துச் சாக்கடைக் குழாய் வழியாகக் கடலுக்குள் போனது. நூறு இருநூறு கிலோ அல்ல, நூற்றுக்கணக்கான டன் டிடிடி கடலடிச் சேற்றில் படிந்தது.

சேற்றில் கிடந்தால் கிடக்கட்டுமே, யாருக்கு என்ன என்று தோன்றும். இங்கேதான் பாடம். டிடிடி தண்ணீரில் கரையாது, கொழுப்பில் சேரும். சேற்றுப் புழு உடம்பில் கொஞ்சம். அந்தப் புழுக்களில் நூறைத் தின்ற சின்ன மீனிடம் நூறு கொஞ்சம். அந்தச் சின்ன மீன்களில் நூறைத் தின்ற பெரிய மீனிடம் அதைப்போல் நூறு மடங்கு. தின்றது செரித்துப் போகும், மருந்து மட்டும் தங்கிவிடும். வட்டிக்கு வட்டி போடுகிற கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய மீனைத் தினமும் தின்பது யார்? தீவுப் பாறைகளில் கூடு கட்டியிருந்த வெண்தலைக் கழுகு. அமெரிக்காவின் சின்னத்தில் இருக்கிறதே, அதே கழுகு.

கழுகு உடனே சாகவில்லை. முட்டையும் இட்டது. ஆனால் ஓடு காகிதம் போல மெலிந்துவிட்டது. அடைகாக்க உட்காரும் தாயின் எடை தாங்காமல் முட்டை நொறுங்கியது. முட்டை திருடியவர்களும் துப்பாக்கிக்காரர்களும் முன்பே பாதி வேலையை முடித்திருந்தார்கள். மீதியை மருந்து முடித்தது. 1960-ஐ ஒட்டி அந்தத் தீவுகளில் வெண்தலைக் கழுகு ஒன்றுகூட இல்லை. ரேச்சல் கார்சன் எழுதிய மௌன வசந்தம் என்ற புத்தகம் 1962-இல் வந்தது. அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது 1972-இல். தீவுக் கழுகுகளுக்கு இரண்டுமே காலம் கடந்து வந்தவை.

சரி, கழுகு போனால் நரிக்கு நல்லதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். கேளுங்கள்.

வெண்தலைக் கழுகு பெரும்பாலும் மீன் தின்பது. நரியை அது சட்டை செய்யாது. ஆனால் தன் எல்லைக்குள் வேறு கழுகை விடாது. அது போன பிறகு வீடு காவல் இல்லாமல் கிடந்தது. கரைப்பக்கத்து மலைகளில் பொன்னிறக் கழுகு என்று இன்னொன்று உண்டு. அது தரை மிருகங்களை வேட்டையாடுவது, சிறகு விரித்தால் ஆறேழு அடி. 1990-களில் அது தீவுக்கு வரத் தொடங்கியது. வந்த விருந்தாளிக்குச் சாப்பாடும் தயாராக இருந்தது: பன்றிக்குட்டிகள். வருடம் முழுவதும் கிடைக்கும். வந்தது தங்கிவிட்டது. தங்கியது கூடு கட்டியது. பன்றிக்குட்டிக்கு நடுவே, பகலில் பயமில்லாமல் நடமாடிய நரியையும் தூக்கியது. மேலே பார்க்க வேண்டும் என்று அந்த நரிக்குத் தெரியாது. அதன் பாட்டன் முப்பாட்டன் யாரும் மேலே பார்த்ததில்லை. ஒளிந்துகொள்ளலாம் என்றால் புதரை ஆடுகள் தின்று தீர்த்திருந்தன.

பன்றி வருடத்துக்குப் பல குட்டி போடும், எத்தனை போனாலும் ஈடுகட்டும். நரி வருடத்துக்கு ஒரே தடவை இரண்டு மூன்று குட்டி போடும். அதனால் கழுகின் முக்கிய உணவு பன்றியாக இருந்தும் அழிந்துகொண்டிருந்தது நரி.

சான் மிகேல் தீவில் 1994-இல் ஏறத்தாழ 450 நரிகள் இருந்தன. 1999-இல் 15. சான்டா ரோசாவில் 1,700-க்கு மேல் இருந்தது 2000-இல் 15 ஆனது. சான்டா குரூஸில் ஆயிரத்துக்கு மேல் இருந்தது நூறுக்கும் கீழே போனது. எண்களை இன்னொரு தடவை படியுங்கள். ஐந்தாறு ஆண்டுகளில் நடந்தது இது.

ஏன் குறைகிறது என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. நோயோ என்று நினைத்தார்கள். கேரி ரோமர் என்ற ஆய்வாளர் சான்டா குரூஸில் நரிகளுக்கு ரேடியோ பட்டை கட்டி, செத்த நரிகளைத் தேடிப் போய்ப் பார்த்தார். பெரும்பாலானவை கழுகு கொன்றவை. அவரும் கூட்டாளிகளும் 2002-இல் எழுதிய கட்டுரைதான், பன்றி இருப்பதால் கழுகு வந்தது, கழுகு வந்ததால் நரி போனது என்ற சங்கிலியைக் கணக்கோடு காட்டியது.

காப்பாற்றும் வேலை 1999-இல் தொடங்கியது. சான் மிகேலில் பூங்காத் துறையினர் பிடிக்க முடிந்தவை 14 நரிகள்தான், அவற்றில் ஆண் 4. கூண்டுக்குள் ஜோடி சேர்த்து வளர்த்தார்கள். அடுத்தடுத்து சான்டா ரோசா, சான்டா குரூஸிலும் கூண்டுகள் வைத்தார்கள். ஆனால் கூண்டில் பெருக்கி வெளியே விட்டால் மட்டும் போதுமா? சான்டா குரூஸில் முதலில் விட்டவற்றில் பலவற்றைக் கழுகு தூக்கிவிட்டது. மிஞ்சியதைத் திரும்பப் பிடித்து அடைத்தார்கள்.

எனவே நான்கு வேலைகளைச் சேர்த்துச் செய்தார்கள். ஒன்று, நரியைக் கூண்டில் பெருக்குவது. இரண்டு, பொன்னிறக் கழுகைத் தீவிலிருந்து அகற்றுவது. அதுவும் சட்டப் பாதுகாப்புள்ள பறவை, சுட முடியாது. வலை போட்டும் பொறி வைத்தும் 40-க்கும் மேற்பட்ட கழுகுகளை உயிரோடு பிடித்து, மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று, வெண்தலைக் கழுகைத் திரும்பக் கொண்டுவருவது. டிடிடி வழக்கில் ஆலைகளிடமிருந்து வாங்கிய நஷ்டஈட்டுப் பணம் இதற்கு உதவியது. 2002 முதல் 2006 வரை 61 கழுகுக் குஞ்சுகளைச் சான்டா குரூஸில் விட்டார்கள். 2006-இல் அங்கே முட்டை தானாகப் பொரிந்து குஞ்சு வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் குஞ்சு.

நான்காவது வேலைதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. பன்றிகள்.

சான்டா குரூஸ் தீவை வேலிபோட்டுப் பகுதி பகுதியாகப் பிரித்து, நியூசிலாந்திலிருந்து வேட்டைக் குழுவை வரவழைத்து, 2005-க்கும் 2007-க்கும் இடையில் 5,000-க்கும் மேற்பட்ட பன்றிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஒன்று மிஞ்சினாலும் மறுபடி பெருகும் என்பதால் ஒன்றையும் விடவில்லை. அப்போது எதிர்ப்பு எழுந்தது. விலங்கு நேயர்கள் நீதிமன்றம் வரை போனார்கள், ஆனால் வேலை நிற்கவில்லை. என் பேரன் கேட்டான்: "பாட்டி, பன்றி என்ன தப்பு செய்தது?"

ஒரு தப்பும் செய்யவில்லை. அதை யாரும் கேட்டுவிட்டுப் படகில் ஏற்றவில்லை. அங்கேயே பிறந்து, கிழங்கு தோண்டித் தின்று பிழைத்தது. 5,000 உயிரை எடுத்து ஒரு நரி இனத்தைக் காப்பாற்றியது தர்மம் என்று என்னால் வாய் கூசாமல் சொல்ல முடியவில்லை. ஆனால் பேசாமல் இருந்திருந்தால் அதுவும் ஒரு கொலைதான். பன்றி உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறது. இந்த நரி போனால் போனதுதான். அதோடு, பன்றி தோண்டியதில் தீவுக்கே உரிய அபூர்வச் செடிகளும் சூமாஷ் மக்களின் பழைய ஊர்த் தடங்களும் அழிந்துகொண்டிருந்தன. 150 வருடங்களுக்கு முன் ஒருவர் யோசிக்காமல் செய்த காரியத்துக்கு, பின்னால் வந்தவர்கள் யோசித்து யோசித்துக் கையில் ரத்தம் பட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பேரனிடம் இவ்வளவையும் சொன்னேன். அவன் சமாதானம் ஆகவில்லை. ஆகாததும் நல்லதுதான்.

நான்கும் சேர்ந்ததில் பலன் கிடைத்தது. 2004-இல் அருகிவரும் இனங்கள் பட்டியலில் சேர்த்த மூன்று வடக்குத் தீவு நரிகளையும் 2016 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வேறெந்தப் பாலூட்டியும் இவ்வளவு சீக்கிரம் மீண்டதில்லை. அப்போது சான்டா குரூஸில் மட்டும் 2,000-க்கு மேல் நரிகள். என் பையை மோந்து பார்த்தது அவற்றின் வாரிசுகளில் ஒன்று.

தெற்கே சான்டா காட்டலினா தீவின் கதை வேறு. அங்கே கழுகு அல்ல, 1999-இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் புகுந்தது. படகில் ஒளிந்து வந்த ஒரு ரக்கூன் கொண்டுவந்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள். 1,300 நரிகள் இருந்த இடத்தில் நூறு மிஞ்சின. கூண்டு வளர்ப்பும் தடுப்பூசியும் அவற்றை மீட்டன. இன்றைக்கும் வருடம்தோறும் நரிகளைப் பிடித்து, ஊசி போட்டு, சிலவற்றுக்கு ரேடியோ பட்டை கட்டி விடுகிறார்கள். பட்டை கட்டிய நரி செத்தால் சமிக்ஞை மாறும், உடனே போய்க் காரணம் பார்ப்பார்கள். பட்டியலிலிருந்து எடுத்ததோடு வேலை முடியவில்லை. நாயைத் தீவுக்குக் கூட்டிவரக் கூடாது என்று தேசியப் பூங்காத் தீவுகளில் கண்டிப்பாகச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது என் வகுப்பறைக்கு வருகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்பு அறிவியல். உணவுச் சங்கிலியைக் கரும்பலகையில் வரைந்தேன்: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. இடையில் அம்புக்குறிகள். அடுத்த வாரம் பூச்சிமருந்தின் பயன்கள். "டிடிடி கொசுவை ஒழிக்கிறது" என்று எழுதிப் போட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், மருந்து குடிச்ச கொசுவைத் தவளை தின்னா தவளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். "பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அது நடந்தது 1980-களின் தொடக்கத்தில். அமெரிக்காவில் தடை வந்து பத்து வருடம் ஆகிவிட்டது. என் கைக்கு வந்த புத்தகத்தில் அது இல்லை, நானும் தேடவில்லை. அவன் கேட்டது ஒரு ஆராய்ச்சியாளர் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு வாரப் பாடத்தையும் ஒரே வாக்கியத்தில் அவன்தான் சேர்த்துப் பார்த்தான். நான் சேர்க்கவில்லை. உணவுச் சங்கிலி என்று நேர்கோடு போட்டு நடத்தினேன். சான்டா குரூஸில் நின்றபோதுதான் அது கோடு இல்லை, வலை என்று உடம்பில் உறைத்தது. கொசுவுக்கு அடித்த மருந்து நரியைக் கொன்றிருக்கிறது, நரி அதில் ஒரு சொட்டுகூடத் தொடாமலே. நடுவில் மீன், ஒரு கழுகு, இன்னொரு கழுகு, பன்றி என்று எத்தனை கண்ணிகள்!

நம் நாட்டிலும் விவசாயத்துக்கு டிடிடி பயன்படுத்துவதை 1989-இல் தடை செய்தார்கள். நோய்க்கொசு ஒழிப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். நம் வானத்திலும் ஒரு கதை நடந்தது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கொன்றது. 2006-இல் அதை மாட்டு வைத்தியத்துக்குத் தடை செய்வதற்குள் கூட்டம் கூட்டமாய்ப் பறந்தவை அரிதாகிவிட்டன. தவளைக்கு என்ன ஆகும் என்ற அதே கேள்விதான் அங்கேயும்.

உங்களில் நிறையப் பேர் இப்போது ஆசிரியர்கள், தாய் தகப்பன்கள். பிள்ளைகள் பாடத்தில் இல்லாததைக் கேட்டால், "எனக்குத் தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள். இந்த வயதில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் இந்தப் பதிவைப் படிக்கிறானா தெரியாது. இப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருப்பான். படித்தால், தம்பி, உன் கேள்விக்கு நாற்பது வருடம் கழித்துப் பதில் சொல்லியிருக்கிறேன். தவளைக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் அது தின்றதை எல்லாம் அடுத்தது சுமக்கும். அன்றைக்கு உன்னை உட்காரச் சொன்னது என் தப்பு. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்